துளைக்குள் மண்

1

சென்ற வருஷம் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையில் ஒரு உவமை வந்தது. அரிக்கமேட்டுக் கைவினைஞன் தனியாக விளக்கின் முன் உட்கார்ந்து, சுடரில் கண்ணாடியை உருக்கி, கம்பியில் சுற்றிச் சுற்றி மணி செய்தான். கவிஞனும் அப்படித்தான் என்று. படிக்க நன்றாகவே இருந்தது. நானும் பாராட்டிக் கடிதம் போட்டேன். பிறகுதான் உவமேயத்தை விட்டுவிட்டு உவமானத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு உள்ள கெட்ட பழக்கம் இது. கூட்டுத்தொகை அழகாக வந்துவிட்டால் மறுபடியும் ஒருமுறை கூட்டிப் பார்க்கத் தோன்றும். கூட்டிப் பார்த்ததில் கணக்கு உதைத்தது. அரிக்கமேட்டின் சிறிய கண்ணாடி மணிகள் மிகப் பெரும்பாலும் விளக்கின் முன் செய்யப்பட்டவை அல்ல. கம்பியில் சுற்றப்பட்டவையும் அல்ல. தனி ஒருவன் செய்திருக்கக் கூடியவையும் அல்ல.

இந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? நிறத்தில் தெரியாது. உருவத்திலும் பல சமயம் தெரியாது. துளையிலும் துளையை ஒட்டிய கண்ணாடியிலும் தெரியும். மணியைப் பற்றி எழுதும்போது நாம் நிறத்தை எழுதுகிறோம், பளபளப்பை எழுதுகிறோம், அது போய்ச் சேர்ந்த தூர தேசங்களை எழுதுகிறோம். துளையை யாரும் எழுதுவதில்லை. துளை இல்லாவிட்டால் அது மணியே இல்லை, வெறும் கண்ணாடித் துளி. அந்தத் துளை மூடிப்போகாமல் இருக்கவும், உள்ளே இருந்த கம்பி கழன்று வரவும் உதவி செய்துவிட்டு, வேலை முடிந்ததும் கழுவி எறியப்படுகிற ஒரு பொருள் உண்டு. அதிகமும் மண், சில இடங்களில் சாம்பல். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

கல்மணிக்குத் துளை பின்னால் வருகிறது. சூதுபவளத்தையோ படிகத்தையோ கொத்தி, தேய்த்து, உருவம் வந்த பிறகு துளையிடுகிறார்கள். அத்தனை பிரயாசையும் துளையிடும்போது ஒரு நொடியில் உடைந்து போகலாம். கண்ணாடி மணிக்கு அநேகமாகத் துளையும் உருவமும் ஒன்றாகவே பிறக்கின்றன. கண்ணாடி உருகியிருக்கும்போதே துளை இருந்தாக வேண்டும். இதற்குப் பழங்காலத்திலிருந்து இரண்டு முக்கியமான வழிகள். ஒன்று, ஒரு கம்பியைச் சுற்றிக் கண்ணாடியைச் சுற்றுவது. மற்றது, உள்ளே காற்றோடு கண்ணாடியைக் குழாயாக இழுத்துப் பிறகு வெட்டுவது. முதலாவதைச் சுற்றுமணி என்றும் இரண்டாவதை இழுமணி என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

சுற்றுமணியின் சங்கடம் எளிமையானது. உருகிய கண்ணாடி, சூடான உலோகத்தின் மேலுள்ள ஆக்ஸைடுப் படலத்தைத் தனக்குள் கரைத்துக்கொண்டு கெட்டியாக ஒட்டிவிடும். எனாமல் பாத்திரங்கள் இந்தக் குணத்தால்தான் சாத்தியமாயின. எனாமல்காரனுக்கு வரமாக இருப்பது மணிக்காரனுக்குச் சாபம். ஆறும்போது இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. ஒரு டிகிரி செல்ஷியஸ் சூடு இறங்கும்போது துருப்பிடிக்காத எஃகு பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு சுருங்குகிறது. மணிக்குப் பயன்படும் மிருதுவான கண்ணாடி சுமார் 10 பங்குதான். கம்பி அதிகமாக மெலிகிறது என்பதால், ஒட்டாமல் இருந்தால் அது தானாகவே மணியை விட்டு விலகும். ஒட்டியிருந்தால் கண்ணாடியையும் உள்ளே இழுக்கும். மணி விரிசல் விடும். கம்பியின் சுருக்கம் ஒன்றுதான். அது உதவியாவதும் உபத்திரவமாவதும் நடுவில் ஒரு பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

தத்துவம் நமக்குப் புதிதல்ல. இட்லித் தட்டில் ஈரத்துணி விரிக்கிறோம். செங்கல் அறுக்கிறவன் அச்சில் மணல் தூவிவிட்டுத்தான் சேற்றை அடிக்கிறான். வார்க்கிற பொருளுக்கும் தாங்குகிற பொருளுக்கும் நடுவில், இரண்டோடும் முழுதாகச் சேராத மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

எகிப்தில் அக்நதேன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கட்டி, அவன் இறந்த சில வருஷங்களில் கைவிடப்பட்ட தலைநகரம் அமர்னா. அங்கே ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி 1891-92இல் அகழ்ந்தார். கண்ணாடிப் பட்டறைக் கழிவுகளுக்கு நடுவே, மணி கழலாமல் ஒட்டிக்கொண்ட கம்பிகளும் அவருக்குக் கிடைத்தன. அந்த மணிகள் சுற்றிச் செய்யப்பட்டவை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேண்டியதில்லை. நல்ல மணிகளெல்லாம் கம்பியைவிட்டுக் கழன்று, கோக்கப்பட்டு, யார் யார் கழுத்திலோ ஏறிப் போய்விட்டன. கழலாதவை பட்டறைக் குப்பையில் கிடந்து சரித்திரத்துக்கு வந்து சேர்ந்தன. நம் அகழ்வாய்வு அறிவில் எவ்வளவு பங்கு இப்படித் தவறிப்போன வேலைகளால் ஆனது என்று யோசித்தால் கொஞ்சம் அடக்கம் வரும்.

3

இந்தப் பூச்சுக்கு இன்றைய மணிக்காரர்கள் பீட் ரிலீஸ் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1993இல் கண்ணாடி மணி செய்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பமாயிற்று. வீட்டு மேஜையில் வாயுச் சுடரை வைத்துக்கொண்டு மணி செய்கிறவர்கள் அந்தக் காலகட்டத்தில் பெருகினார்கள். பட்டறைக்குப் பட்டறை கைப்பக்குவமாக இருந்த மண் கலவை, பெயர் ஒட்டிய டப்பாக்களில் கடைக்கு வந்தது. டப்பாவுக்குள் இருப்பது பழைய சமாச்சாரம்தான்: கேயோலின் என்கிற வெண்களிமண், அலுமினா, சிலவற்றில் கிராஃபைட். அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கண்ணாடி அதில் பாதிச் சூட்டிலேயே தேனாக ஓடிவிடும். தான் உருகாமல், கண்ணாடியிலும் கரையாமல் இருப்பதே இந்தப் பொடிகளின் யோக்கியதை.

ஆனால் பூச்சிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள். சூடாக இருக்கும் வரைக்கும் கண்ணாடியைக் கம்பியோடு பிடித்துவைக்க வேண்டும். ஆறிய பிறகு விட்டுவிட வேண்டும். இரண்டில் எதை அதிகம் செய்தாலும் மணி போயிற்று. பூச்சைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான். மணியை அழுத்தி, இழுத்து, மீனாகவும் இலையாகவும் உருமாற்றப் போகிறவர்களுக்கு இறுகப் பிடிக்கும் பூச்சு வேண்டும்; பிறகு கழற்றும்போது அவர்கள் குறடும் கையுமாக மல்லாட வேண்டியதுதான். உருண்டை மணியோடு திருப்திப்படுகிறவர்களுக்கு இளகிய பூச்சு போதும். நிறமற்ற கண்ணாடியில் செய்கிறவர்களுக்கு வேறு கவலை. துளையின் சுவரில் மிஞ்சுகிற பூச்சு, வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். அவர்களுக்கு மெல்லிய, நைஸான, சுத்தமாகக் கழுவ வருகிற கலவை வேண்டும். காற்றில் தானாகக் காய வேண்டியவை உண்டு. சுடரிலேயே உலர்த்திக்கொள்ளக் கூடியவையும் உண்டு. பின்னவை அவசரக்காரர்களுக்காக.

நான் அவசரக்காரன் என்பதைப் பெங்களூரில் தெரிந்துகொண்டேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள். இந்தக் கட்டுரைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளோடு உட்கார்ந்தேன். கம்பி துருப்பிடிக்காத எஃகு, 2.4 மில்லிமீட்டர் கனம். முதலில் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். பூச்சைத் தோசை மாவு பதத்துக்குக் கலக்க வேண்டும், நுரை கட்டாமல். கம்பியை ஒரே முக்காக முக்கி, ஒரே இழுப்பாக எடுத்து, மணல் நிரப்பிய டின்னில் நிமிர்த்திக் குத்தி வைக்க வேண்டும். பூச்சு மணியின் இரண்டு ஓரங்களையும் தாண்டிப் போதுமான நீளம் இருக்க வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவு எஃகு வெளியே தெரிந்தால் கண்ணாடி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

நான் எடுத்த முதல் கம்பி சுடரில் படபடவென்று கொப்பளித்தது.

“பூச்சு இன்னும் காயலை அண்ணா. உள்ள ஈரம் இருக்கு, ஆவி தூக்கிடுச்சு. காய்ஞ்சிருக்கிற கம்பிய எடுங்க, இது வேண்டாம்” என்றாள்.

அடுத்த கம்பி நன்றாகக் காய்ந்திருந்தது. அதைச் சுடரில் காட்டி, பூச்சு மங்கிய சிவப்பாகக் கனன்ற பிறகு, உருகிய கண்ணாடியைத் தொட்டுச் சுற்றினேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு கண்ணாடிக் குச்சியை வெடுக்கென்று பிரித்தேன். கண்ணாடி போதுமான சூடில்லை. சின்னதாக ஒரு சத்தம். அதற்கப்புறம் கம்பியைச் சுழற்றினால் கம்பி மட்டும் சுழன்றது. மணி சுழலவில்லை, சொந்த பாரத்தில் ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்தது. பூச்சு உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஆறிய பிறகு விட வேண்டியது, சூட்டிலேயே விட்டுவிட்டது. அன்றைக்கு நான் செய்த ஆறு மணிகளில் இரண்டு இப்படிப் போயின. ஒன்றில் பூச்சு மெலிந்திருந்தது, கம்பியிலேயே நின்றுவிட்டது. அமர்னாவின் குப்பைமேட்டை நான் ஞாபகப்படுத்திக்கொண்டது அப்போதுதான்.

தேறிய மூன்றும் 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடுப்பில் இருந்து, மெதுவாக இறங்கி, மறுநாள் கைக்கு வந்தன. தண்ணீரில் ஊறவைத்து, மணியைப் பிடித்துக் கம்பியைத் திருகினால் கழல்கிறது. துளைக்குள் மிஞ்சிய மண்ணை வைரத்தூள் பதித்த அரத்தால் தண்ணீருக்கு அடியிலேயே சுரண்ட வேண்டும். பூச்சைப் பொடியாக வாங்கிக் கலக்கும்போதும் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தூளில் சிலிக்கா இருந்தால் அது நுரையீரலில் போய்த் தங்கி ஆளைக் கொல்லக் கூடியது. பளபளக்கும் மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சுரண்டல் வேலையையும் ஒரு வரி எழுதலாம். உலகமெங்கும் பட்டறைகளில் இது பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

எல்லோரும் மண்ணையே நம்பியிருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வெனிஸ் நகரத்துக் கண்ணாடி உலைகள் 1291இல் முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. விளக்கில் மணி செய்யும் கலை பின்னாளில் அந்த நகரத்தில்தான் பெரும் தொழிலாக வளர்ந்தது. அங்கே மண் பூசிய இரும்புக் கம்பியோடு இன்னொரு வழியையும் கையாண்டார்கள். செம்பின் மேல் கண்ணாடியைச் சுற்றி, பிறகு மணியை அப்படியே நைட்ரிக் அமிலத்தில் போட்டுவிடுவார்கள். அமிலம் செம்பைத் தின்றுவிடும், கண்ணாடியைத் தொடாது. கம்பியைக் கழற்றுகிற பிரச்னைக்குக் கம்பியையே இல்லாமல் செய்துவிடுவது பதில். கானா நாட்டின் குரோபோ மக்கள் வேறு திசையில் போனார்கள். பாட்டில் கண்ணாடியை இடித்துப் பொடியாக்கி, களிமண் அச்சுகளில் நிரப்புகிறார்கள். அச்சின் உட்சுவரில் கேயோலின் பூச்சு. துளைக்காக நடுவில் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகுகிறார்கள். சூளையில் காம்பு எரிந்து போகிறது, அது இருந்த இடம் துளையாக மிஞ்சுகிறது. வெனிஸ்காரனின் செம்பும் குரோபோக்காரரின் மரவள்ளிக் காம்பும் செய்வது ஒரே காரியம். ஒன்றுக்கு அமிலம் வேண்டும், மற்றதற்கு அடுப்புச் சூடே போதும்.

4

இனி அரிக்கமேட்டுக்கு வரலாம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள இந்த மேட்டை 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலிய மட்பாண்டங்களை வைத்து அவர் காலம் கணித்ததால் ரோமாபுரி வியாபாரம் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. 1947 முதல் 1950 வரை கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தொடர்ந்தார்கள். ரோமானியர்களை மட்டும் வைத்து இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது பெக்லியின் வேலைக்குப் பிறகு தெளிவாயிற்று. நம் கட்டுரைகளில் ரோமாபுரி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இங்கே மணிகளோடு கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் பட்டறைக் கழிவுகளும் கிடைத்தன. குழாய் இருந்தால் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, ஒரே நிறமுடைய இந்தச் சின்ன மணிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைக்கின்றன. வான் டெர் ஸ்லீன் இவற்றை வணிகக்காற்று மணிகள் என்றார். பிறகு பீட்டர் ஃபிரான்சிஸ் வைத்த இந்தோ-பசிபிக் மணிகள் என்ற பெயர் நிலைத்தது. 2002இல் மறைந்த ஃபிரான்சிஸ், மணிக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர். பழைய மணியின் செய்முறையைத் தெரிந்துகொள்ள அவர் மேட்டைத் தோண்டியதோடு நிற்கவில்லை. திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே உள்ள பாப்பாநாயுடுபேட்டைக்குப் போனார். அங்கே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதே மாதிரி மணிகளைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய முறையைக் கேட்டால் விளக்கும் தனிக் கலைஞனும் நம் மனத்திலிருந்து மறைந்து போவார்கள். லடா என்கிற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உலையிலிருந்து கண்ணாடியை எடுத்து எடுத்துச் சேர்த்து, உருட்டி, பெரிய கூம்பாக ஆக்குகிறார்கள். ஒருவர் தூக்கிச் சமாளிக்கக் கூடிய பாரம் இல்லை அது. லடாவுக்குள் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே வழி உண்டாக்குகிறார்கள். பிறகு கூம்பை உலைக்குள் வைத்து, எதிர்ப்பக்க வாயிலிலிருந்து மூத்த தொழிலாளி கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுக்கிறார். கூம்பிலிருந்த ஓட்டை குழாயின் ஓட்டையாக நீண்டுகொண்டே போகிறது. மணிக்கணக்காக இழுப்பு நடக்கும். இழுக்கிறவர் கை நின்றால் குழாய் தடித்துவிடும், வேகம் கூடினால் மெலிந்துவிடும். குழாயை ஒடித்து, கத்தி விளிம்பில் வைத்துச் சின்னச் சின்னதாக வெட்டுவதும், சலிப்பதும், கோப்பதும் வேறு வேறு கைகள்.

இழுமணிக்குக் கம்பி இல்லை. ஆகவே கம்பிக்குப் பூச்சும் தேவையில்லை. துளையைக் காப்பது காற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெட்டிய துண்டுகளின் ஓரம் கூராக இருக்கும், நூலை அறுக்கும். அதை மழுக்க மறுபடியும் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துளையும் மூடப் பார்க்கும். ஆகவே துண்டுகளைச் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டுக் கிளறுகிறார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்துகொண்டு கண்ணாடியை உள்ளே சரியவிடாமல் தடுக்கிறது. வெனிஸிலும் இழுமணித் துண்டுகளின் துளையைச் சுண்ணாம்பும் கரியும் சேர்ந்த பொடியால் அடைத்துவிட்டுத்தான் சூடேற்றினார்கள். கம்பியின் மேல் பூசப்பட்ட மண்ணின் வேலையை இங்கே சாம்பல் செய்கிறது. ஆறிய பிறகு கழுவினால் அதுவும் போய்விடும்.

போகாமல் மிஞ்சுவது கண்ணாடிக்குள் இருக்கும் கோடுகளும் குமிழிகளும். இழுத்த மணியில் அவை துளையோடு ஒரே திசையில் நீண்டு கிடக்கும். சுற்றிய மணியில் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். நுனியை நோக்கிச் சிறுத்துவரும் கம்பியில் சுற்றியிருந்தால் துளையின் ஒரு வாய் அகலமாகவும் மற்றது குறுகலாகவும் இருக்கும். உள்ளே வெள்ளையாகவோ பழுப்பாகவோ மண் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், யாரும் பார்க்கலாம்.

5

இவ்வளவும் ஒரு உவமையைத் திருத்தவா என்று கேட்கலாம். நண்பரே கேட்டார். உவமையில் சரித்திர உண்மையைத் தேடுவது ரசனைக் குறைவு என்று ஒரு கார்டில் எழுதினார். உவமையின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அரிக்கமேடு என்ற பெயரைச் சும்மா போடவில்லை. அந்தப் பெயரின் பழமையும் கௌரவமும் தன் வாக்கியத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் போட்டார். சரித்திரத்திடம் கடன் வாங்குகிறவன் சரித்திரத்தின் கணக்குக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விளக்கின் முன் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதனின் படம் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? முன்னூறு பிரதி அச்சடித்து, அதில் நூறைத் தபாலில் தொலைக்கும் நமக்கு, அது நம்முடைய படமாகத் தோன்றுகிறது. அந்தப் படத்தைக் கொண்டுபோய் அரிக்கமேட்டின் மேல் ஒட்டும்போது, உலைக்குக் கண்ணாடி சேர்த்தவர், லடாவைத் தூக்கியவர்கள், குழாயை இழுத்தவர், துண்டு வெட்டியவர், சாம்பல் கிளறியவர், கோத்தவர் எல்லோரையும் ஒரே அடியில் வெளியேற்றிவிடுகிறோம். பெருமைக்குரிய கைத்திறன் என்று புகழ்ந்துகொண்டே அந்தக் கைகளை எண்ணிக்கையில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறோம். அவர்களுடைய கைப்பக்குவம் ஆந்திரத்தில் ஒரு கிராமத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் பிழைத்திருந்தது. அதைப் பார்க்க நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் போய்விடக் கூடிய தூரம்தான் நமக்கு. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விளக்கின் முன் உட்கார்ந்திருப்பவரும் உண்மையில் தனியாக இல்லை. அவர் கையில் இருக்கும் கம்பியின் மேல் யாரோ வெட்டியெடுத்த வெண்களிமண் இருக்கிறது. அது பிடிக்காவிட்டால் மணி உருவாகாது; அது விடாவிட்டால் மணி மணியாகாது. நமது கவிதை விமர்சனத்தில் கவிஞனின் சுடரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவனைத் தாங்கிப் பிடித்து, உரிய நேரத்தில் விட்டுவிட்டு, கழுவப்பட்டுப் போனவற்றைப் பற்றி, அதாவது பழைய யாப்பு, கற்பித்த வாத்தியார், பிழை திருத்திய நண்பன், இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. விடாமல் பிடித்துக்கொண்டதால் கம்பியிலேயே நின்றுவிட்ட கவிஞர்களையும் நமக்குத் தெரியும். யாப்பு உடைந்ததும் ஒரு பக்கமாகத் தொங்கிப்போனவர்களையும் தெரியும். இதற்கு மேல் இந்த உவமையை நீட்ட எனக்கு அருகதை கிடையாது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு நரிக்குறவர் பெண்மணியிடம் சில மாதங்களுக்கு முன் ஒரு மணிச்சரம் வாங்கினேன். சின்னச் சின்னச் சிவப்பு மணிகள், நடுவில் பெரிதாக ஒரு நீல மணி. ராத்திரி உருப்பெருக்கியில் பார்த்தேன். சிவப்பு மணிகளில் கோடுகள் துளையோடு சேர்ந்து ஓடின, குழாயாக இழுத்தவை. நீலத்தில் அவை துளையைச் சுற்றி ஓடின. அதன் துளைக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னூசியால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். சுரண்டவில்லை.